கத்திரி படாத முடி

1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாள். பஞ்சாபின் அனந்தபூர் சாகிபில் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன்னால் உருவிய வாளோடு வந்து நின்ற சீக்கியர்களின் பத்தாம் குரு கோவிந்த் சிங், "ஒரு தலை வேண்டும், யார் தருகிறீர்கள்?" என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்து வந்தார்கள். லாகூர்க்காரர் ஒருவர், அஸ்தினாபுரத்து உழவர் ஒருவர், பூரியில் தண்ணீர் சுமக்கும் குலத்தில் பிறந்தவர் ஒருவர், துவாரகையில் துணிக்கு அச்சடிக்கும் குலத்தவர் ஒருவர். இன்னொருவர் இன்றைய கர்நாடகத்தின் பீதரிலிருந்து போனவர். நாவிதர் குலம். சாகிப் சந்த் என்ற அவர் அன்று முதல் சாகிப் சிங் ஆனார்.

சீக்கியர்கள் ஏன் முடி வெட்டுவதில்லை என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்தான். மழிப்பதும் வெட்டுவதும் உன் குலத்தொழில் என்று பிறவியிலேயே விதிக்கப்பட்ட ஒரு மனிதர், இனி என் தலையிலும் கத்தி படாது, என்னோடு சேர்கிறவர்கள் தலையிலும் படாது என்கிற உறுதியை முதலில் ஏற்ற ஐவரில் ஒருவராக இருக்கிறார். அந்த ஐவரும் ஒரே இரும்புக் கிண்ணத்திலிருந்து அமிர்தம் குடித்தார்கள். குலப் பெயர்கள் போய் எல்லோருக்கும் சிங் என்ற ஒரே பெயர் வந்தது. பிறகு குருவே அவர்கள் முன் மண்டியிட்டு அதே அமிர்தத்தை அவர்கள் கையால் வாங்கிக் குடித்தார். நாவிதர் குலத்தவர் கையால் குரு தீட்சை பெறுகிறார். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இது நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நான் திருப்பூர்க்காரன். சாயப்பட்டறை வேலைதான் என்னை லூதியானாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னலாடை என்றால் தெற்கே திருப்பூர், வடக்கே லூதியானா; நம் ஆட்கள் அங்கே போவதும் அவர்கள் இங்கே வருவதும் புதிதில்லை. அங்கே ஒரு சீக்கியக் குடும்பத்தின் மாடியறையில் சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன். வீட்டுப் பெரியவரை எல்லோரும் 'தார்ஜி' என்பார்கள், அவர் மனைவியை 'பீஜி' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் இங்கே எழுதுவதில் பாதி படித்தது. மீதி அந்த வீட்டு மாடியில் பார்த்தது.

மாடியில் என்ன பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தலைப்பாகையைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்குள்ளே இருக்கும் முடியையும், அதற்குப் பின்னால் இருக்கும் வேலையையும் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டில் தலைக்குக் குளிக்கும் நாள். 'கேசி ஸ்னான்' என்பார்கள். பீஜி பெரிய கிண்ணத்தில் தயிரைக் கரைத்து வைப்பார். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் ஒரு பக்கெட்டில் இருக்கும். இரண்டு பேரன்களும் அப்போது கல்லூரி வயது. குளித்துவிட்டு மாடிக்கு வந்து, சனவரி மாத வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முடியை விரித்துப் போட்டு உட்காருவார்கள். இடுப்பு வரை இருக்கும். தார்ஜிக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய முடி நரைத்து மெலிந்து, கொண்டை போட்டால் எலுமிச்சம்பழ அளவுதான் வரும். ஆனாலும் பேரன்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு சிக்கெடுப்பார். மரச்சீப்பில் சிக்கிய முடிகளை அப்படியே உதறிவிட மாட்டார். சுருட்டி ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக்கொள்வார்.

அந்த மரச்சீப்புதான் கங்கா. கேஷ் (வெட்டாத முடி), கங்கா (சீப்பு), கடா (இரும்பு வளையம்), கச்சேரா (உள்ளாடை), கிர்பான் (குறுவாள்) என்ற ஐந்து சீக்கிய அடையாளங்களில் கேஷ் பற்றியும் கிர்பான் பற்றியும் எல்லோரும் பேசுவார்கள், சீப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். முடியை வெட்டாமல் விட்டவர்கள் இந்த நாட்டில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். சடாமுடி வளர்த்த துறவிகள் உலகத்தை விட்டு விலகியதற்கு அடையாளமாக அதை அப்படியே பின்னிக்கொள்ள விட்டார்கள். இன்னொரு பக்கம் முழுக்க மழித்த துறவிகள். குரு நானக் தொடங்கிய வழி இந்த இரண்டையும் ஏற்கவில்லை. கடவுள் கொடுத்ததை ஏற்றுக்கொள், ஆனால் குடும்பத்தில் இரு, உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து சாப்பிடு என்றது. வெட்டாத முடிக்குள் ஒரு சீப்பைச் செருகி வைப்பது இந்த வாழ்க்கைக்குப் பொருத்தமான காரியம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வாரி, முடிந்து, மேலே துணி கட்டி வேலைக்குப் போக வேண்டும். வெட்டாமல் இருப்பது சுலபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தினமும் கை ஓயாத வேலை.

தலைப்பாகை இன்னொரு வேலை. 'வாயில்' (voile) என்கிற மெல்லிய பருத்தித் துணி ஐந்து ஆறு மீட்டர் இருக்கும், அதை ஒருவராக மடிக்க முடியாது. தம்பி படிக்கட்டுப் பக்கம் ஒரு முனையைப் பிடிப்பான், அண்ணன் கதவருகே மறுமுனையைப் பிடிப்பான். இருவரும் இழுத்து உதறி, நீளவாக்கில் மடித்து மடித்துக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவார்கள். இதற்குப் 'பூனி' என்று பெயர். பிறகு ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நெற்றியில் ஒரு சுற்று, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஓர் அடுக்கு சரியாக வரவில்லை என்றால் முழுவதையும் அவிழ்த்து மறுபடி தொடங்குவார்கள். கடைசியில் ஒரு மெல்லிய உலோகச் சலாகையால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடிகளை உள்ளே தள்ளுவார்கள். சாயத் தொழில் என்பதால் எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைத்தெருவில் 'லலாரி' என்கிற சாயக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணத்துக்கு எந்த நிறம் வேண்டும் என்று ஒரு துண்டுத் துணியைக் காட்டினால், கொதிக்கிற பாத்திரத்தில் பொடிகளைக் கலந்து கண்ணளவிலேயே அந்த நிறத்தைக் கொண்டுவந்து தலைப்பாகையை நனைத்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பட்டறையில் இயந்திரம் வைத்து நிறம் பொருத்தும் எனக்கு அது பெரிய வித்தையாகவே தெரிந்தது.

சரி, ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன்.

வாட்ஸாப்பில் சுற்றும் பதில்கள் சில உண்டு. முடி வழியாகச் சூரிய சக்தி உடம்புக்குள் போகிறது, முடி ஆண்டெனா மாதிரி வேலை செய்கிறது, முடி வெட்டாவிட்டால் வைட்டமின் டி அதிகம் கிடைக்கிறது என்பார்கள். இதில் உண்மை இல்லை. தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரில்லாத கெரட்டின். உயிருள்ளது தோலுக்குள் இருக்கும் வேர் மட்டும்தான். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், சில ஆண்டுகள் வளர்ந்து பிறகு உதிரும், அதனால்தான் யாருக்கும் முடி முடிவில்லாமல் நீள்வதில்லை. இந்தப் போலி விஞ்ஞானம் எனக்கு வருத்தம் தருவதற்குக் காரணம், அது பொய் என்பது மட்டுமில்லை. மிகப் பெரிய ஒரு காரியத்தை அது சத்து மாத்திரை அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. வைட்டமினுக்காக யாரும் உயிரைக் கொடுக்க மாட்டார்கள். இந்த முடிக்காகக் கொடுத்திருக்கிறார்கள்.

சீக்கிய மரபு சொல்லும் ஒரு காரணம் 1675இல் தொடங்குகிறது. ஒன்பதாம் குரு தேக் பகதூரை அவுரங்கசீப்பின் ஆட்சி டெல்லி சாந்தினி சௌக்கில் வைத்துத் தலையை வெட்டிக் கொன்றது. இன்று அங்கே சீஸ் கஞ்ச் குருத்வாரா இருக்கிறது. கொலைக்குப் பிறகு உடலை எடுக்க வெளிப்படையாக முன்வரும் துணிச்சல் கூட்டத்தில் இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஜைதா என்பவர் தலையை எடுத்துக்கொண்டு அனந்தபூர் வரை போய்ச் சேர்த்தார். லக்கி ஷா என்ற வணிகர் உடலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், சந்தேகம் வராமல் இருக்க வீட்டோடு சேர்த்துத் தீ வைத்தார். மகன் கோவிந்த் அப்போது சிறுவன். டெல்லியில் நம் ஆட்கள் இல்லையா என்று அவர் கேட்டதாகவும், இருந்தார்கள், ஆனால் யார் சீக்கியர் என்று பார்த்தால் தெரியாது, அதனால் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டார்கள் என்று ஜைதா சொன்னதாகவும் மரபு. ஆயிரம் பேர் நடுவில் நின்றாலும் தெரிகிற தோற்றத்தை என் சீக்கியருக்குக் கொடுப்பேன் என்று அன்று கோவிந்த் முடிவெடுத்தார் என்பார்கள். இதை வரலாறு என்பதைவிட, ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை என்று எடுத்துக்கொண்டாலும் போதும். ஒளிந்துகொள்ளும் வசதியை நாங்களே வேண்டாம் என்று விட்டோம் என்பதுதான் அந்தக் கதையின் பொருள்.

இன்னொரு காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. நம் ஊரில் தகப்பன் இறந்தால் மகன் மொட்டை போட்டுக்கொள்கிறானே, அதே வழக்கம் வட இந்தியக் குடும்பங்களிலும் 'பத்தர்' என்ற பெயரில் இருந்தது. குழந்தைக்கு முதல் மொட்டையும் அப்படித்தான். கால்சாவில், அதாவது அந்த ஐவரோடு தொடங்கிய அமிர்தம் குடித்தவர்களின் கூட்டத்தில், சேர்ந்தவர்கள் இதை நிறுத்தினார்கள். சாவுக்கு மழிக்கவில்லை என்றால் சாதிச் சடங்கையே மறுத்ததாக ஆகிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைனாபதி எழுதிய 'குர்சோபா', டெல்லியில் இதனால் எழுந்த சண்டையைப் பதிவு செய்திருக்கிறது. பத்தர் செய்ய மறுத்த குடும்பங்களை கத்ரி சாதிப் பெரியவர்கள் ஒதுக்கி வைத்தார்கள், கடைகள் அடைபட்டன. அடையாளம் என்று நாம் இன்று பேசுவது அன்று அவர்களுக்குக் கல்யாணம், சாவு, கடை வியாபாரம் எல்லாவற்றையும் பாதித்த விவகாரம். சாதிச் சடங்குக்குத் தலையைக் குனிந்து கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்களைப் பற்றிப் படித்தபோதுதான் பீதர் நாவிதர் ஏன் அந்த ஐவரில் இருந்தார் என்பதன் முழு அர்த்தமும் எனக்குப் பிடிபட்டது.

அப்புறம் வந்தது 18ஆம் நூற்றாண்டின் வேட்டை. சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூர் 1716இல் டெல்லியில் கொல்லப்பட்ட பின் சீக்கியர்கள் காடுகளுக்குள் விரட்டப்பட்டார்கள். லாகூர் ஆளுநர் ஜகரியா கான் காலத்தில் சீக்கியர் தலைக்கு விலை வைக்கப்பட்டது. வெட்டாத முடி அப்போது ஓடிப் பிழைப்பவனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. அமிர்தசரஸ் பக்கம் பூலா என்ற ஊரில் தாரு சிங் என்ற இளைஞர் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு அனுப்பினார் என்று காட்டிக்கொடுக்கப்பட்டு லாகூருக்குக் கொண்டுபோகப்பட்டார். முடியைக் கொடு, மதம் மாறு, உயிர் தருகிறேன் என்றார்கள். மறுத்தார். 1745இல் அவருடைய முடியை மண்டைத் தோலோடு சேர்த்து உரித்தெடுத்தார்கள். தோல் போன பின்னும் அவர் சில நாட்கள் உயிரோடு இருந்தார் என்றும், ஜகரியா கான் இறந்த பிறகுதான் அவர் கண்ணை மூடினார் என்றும் சீக்கியர்கள் சொல்வார்கள்.

இதை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் இல்லை. குருத்வாராவில் தினமும் சொல்லும் 'அர்தாஸ்' என்ற வேண்டுதலில் ஒரு வரி வருகிறது. அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், மண்டையோட்டுத் தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் ஏற்றப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள், கடைசி மூச்சு வரை கேசத்தோடு சீக்கிய நெறியைக் காத்தவர்கள், இவர்களை நினைத்து வாஹேகுரு என்று சொல்லுங்கள் என்று அது போகும். சின்னப் பிள்ளைகளும் நின்று கைகூப்பி அதைக் கேட்கிறார்கள். தார்ஜியின் இளைய பேரன் ஐந்து வயதிலிருந்து தினமும் அந்த வரியைக் கேட்டு வளர்ந்தவன். அவனிடம் போய் முடியை வெட்டினால் என்ன, வளர்ந்துவிடுமே என்று சொல்வது எவ்வளவு வெற்றுப் பேச்சு என்று அப்போதுதான் உறைத்தது.

1984ஐப் பற்றி அந்த வீட்டில் தானாக யாரும் பேச மாட்டார்கள். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி தன் சீக்கியப் பாதுகாவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் டெல்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் 2,733 பேர் என்பது அரசு பிற்பாடு ஒப்புக்கொண்ட கணக்கு. திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி என்ற குடியிருப்புகளின் பெயர்கள் அதற்குப் பிறகு வெறும் இடப்பெயர்களாக இல்லை. கும்பலுக்கு யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தலையைப் பார்த்தாலே தெரிந்தது. 1675க்குச் சொல்லப்படும் அந்த உறுதியின் விலை என்ன என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டின. பீஜியின் தம்பி அப்போது மேற்கு டெல்லியில் இருந்தார். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் அவரையும் அண்ணனையும் உள்ளே வைத்துப் பூட்டி, தையல் கத்திரியால் இருவருடைய முடியையும் வெட்டி, தாடியை மழித்துக் காப்பாற்றியது. வெட்டிய முடியைக் குப்பையில் போடப் பயம், கும்பல் பார்த்தால் கேள்வி வரும். அதைத் தலையணை உறைக்குள் திணித்து வைத்தார்களாம். தம்பி பிறகு மறுபடி வளர்த்தார். அண்ணன் கடைசி வரை வளர்க்கவில்லை.

"அண்ணனை யாரும் குறை சொல்லவில்லையா?" என்று பீஜியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உயிரோடு வந்தானே, அதற்கு மேல் என்ன?" என்றார். தாரு சிங்கைத் தினமும் நினைத்துக் கும்பிடும் அதே அம்மாதான் இதைச் சொன்னார். அவருக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உயிரைக் கொடுத்து முடியைக் காப்பது தியாகம். அதைக் கொடுக்கச் சொல்லி இன்னொருவரைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

வெளிநாட்டிலும் இதே முகம்தான் இலக்கானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து நான்கு நாட்களில், அமெரிக்காவின் அரிசோனாவில் பெட்ரோல் பங்க் நடத்திவந்த பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துவிட்டுச் சுட்டவன் செய்த கொலை. இதன் நடுவில் உரிமைக்காகப் போராடி வென்றவைகளும் உண்டு. பிரிட்டனில் தலைப்பாகை கட்டிய சீக்கியர்கள் ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று 1976இல் சட்டம் வந்தது. தலைப்பாகையோடு வந்த மாணவனைப் பள்ளியில் சேர்க்க மறுத்தது தவறு என்று 1983இல் அங்கே பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. கனடாவின் குதிரைப் போலீஸில் பல்தேஜ் சிங் தில்லான் 1990இல் தலைப்பாகையோடு சேர அனுமதி வாங்கினார். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்த ஹெல்மெட் விலக்கு இருக்கிறது.

வெட்டியவர்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பகத் சிங்கின் தொப்பி வைத்த படம் நமக்கெல்லாம் தெரியும். சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். போலீஸ் கண்ணில் படாமல் இருக்க 1928இல் முடியை வெட்டித் தாடியை மழித்துக்கொண்டார். பஞ்சாபில் சுவரொட்டிகளிலும் லாரிகளிலும் அவரை மஞ்சள் தலைப்பாகையோடுதான் பெரும்பாலும் வரைகிறார்கள். 2008இல் நாடாளுமன்ற வளாகத்தில் வைத்த சிலையிலும் தலைப்பாகை இருக்கிறது. மக்கள் தங்கள் பிரியத்துக்குரியவரை எந்தக் கோலத்தில் பார்க்க ஆசைப்படுகிறார்களோ அந்தக் கோலத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆசையை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் வெட்டிய பகத் சிங் குறைந்த பகத் சிங் ஆகிவிடவில்லை.

லூதியானாவில் முடி வெட்டிய சீக்கிய இளைஞர்கள் ஏராளம். 'மோனா' என்பார்கள். காரணம் கேட்டால் யாரும் தத்துவம் பேசுவதில்லை. பள்ளியில் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள், வெயில் தாங்கவில்லை, காலையில் நேரம் இல்லை, வெளிநாட்டுக்குப் போக வேண்டும். சர்தார்ஜி ஜோக்குகளும் இதில் சேர்த்தி. நம் ஊரிலும் அவற்றைச் சொல்லிச் சிரிக்கிறோம். பத்து வயதுப் பையன் ஒருவன் பட்கா என்கிற சின்னத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு அந்த வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தால் அது எப்படியிருக்கும் என்று யோசித்த பிறகு என்னால் அப்படி ஒரு ஜோக்கைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

பெண்களின் விஷயம் இன்னும் கடினம். கேஷ் என்பது தலைமுடி மட்டுமில்லை, உடம்பில் உள்ள எல்லா முடியும்தான். அமிர்தம் எடுத்த பெண் புருவத்தைக்கூடத் திருத்தக் கூடாது. குருத்வாராக்களை நிர்வகிக்கும் எஸ்ஜிபிசி என்ற அமைப்பு நடத்தும் மருத்துவக் கல்லூரி ஒன்றில் சீக்கியர் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்த ஒரு மாணவிக்கு, புருவம் திருத்தியதைக் காரணம் காட்டி இடம் மறுத்தார்கள். வழக்கு பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் வரை போனது. வெட்டாத முடி சீக்கிய மதத்தின் அடிப்படை அம்சம் என்று 2009இல் தீர்ப்பு வந்தது. 2016இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, முடி வெட்டும் சகஜ்தாரிகளுக்கு எஸ்ஜிபிசி தேர்தலில் ஓட்டு இல்லை என்று உறுதிசெய்தது. ஒரு சமூகம் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆண்களுக்குப் பெருமை தரும் தாடியும் மீசையும் அடர்த்தியாக வளர்ந்துவிடும் ஒரு பெண்ணுக்குத் தெருவில் எதைத் தரும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நிலையிலும் அதை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் சீக்கியப் பெண்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாரையும்விட எனக்கு அவர்கள்மேல் மரியாதை அதிகம். எல்லாப் பெண்ணிடமும் அதைக் கேட்பது நியாயமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபுக்குள்ளேயே இதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதில் சேர்க்கப்பட்டுள்ள கபீரின் ஈரடி ஒன்று, அந்த ஒருவனிடம் அன்பு வை, மற்ற இரண்டுங்கெட்ட நிலை போய்விடும், அதன் பிறகு முடியை நீளமாக வளர்த்தாலும் சரி, முழுக்க மழித்தாலும் சரி என்கிறது. மழித்தலும் நீட்டலும் வேண்டா என்று நம் வள்ளுவர் சொன்னதைப் படித்து வளர்ந்தவனுக்கு இது புதிய குரலாகத் தெரியவில்லை. இதே நூலில் குரு அர்ஜன் தன் கேசத்தையே சாமரமாக்கி அடியார்களுக்கு வீசுவேன் என்றும், கேசத்தால் அவர்கள் கால் தூசியைத் துடைப்பேன் என்றும் பாடுகிறார். வீரம், அடையாளம், போர் என்று பேசுகிறவர்கள் இந்த வரிகளை மறந்துவிடுகிறார்கள். இங்கே முடி பணிவதற்கான ஒன்று.

கபீர் இப்படிச் சொல்லியிருக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு என்று தார்ஜியிடம் ஒரு தடவை கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "கபீர் முதலில் என்ன சொல்கிறார்? அன்பு வை என்கிறார். எனக்குக் குருவிடம் அன்பு. அவர் கேட்டது இது ஒன்று. நான் கொடுத்தேன்" என்றார். குருவின் முத்திரை, 'குரு தி மோகர்' என்று பஞ்சாபியில் சொல்வார்கள். சுகாதாரம், சக்தி, போர்த் தந்திரம், தனி அடையாளம் என்று நான் சேர்த்து வைத்திருந்த காரணங்களில் எதையும் அவர் தொடவில்லை. எழுபது வயது மனிதர் ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் தினமும் இரண்டு தடவை சீப்பெடுத்து வாரி ஒரு வாக்கைக் காப்பாற்றிவருகிறார். எனக்கு இன்றைக்கு இதைவிடச் சரியான பதில் தெரியாது. மற்ற காரணங்களில் உண்மையானவையும் உண்டு, ஆனால் அவை குரு ஏன் கேட்டார் என்பதற்கான காரணங்கள். ஏன் வைத்திருக்கிறோம் என்பதற்கு தார்ஜி சொன்னதுதான்.

இளைய பேரன் பின்னாளில் கனடாவுக்குப் போய் முடியை வெட்டிக்கொண்டான். ட்ரக் ஓட்டுகிறான். செய்தி வந்தபோது பீஜி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தார்ஜி போனில், "சாப்பாடெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா, குருத்வாரா பக்கத்தில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். பேரன் அங்கே ஞாயிற்றுக்கிழமை லங்கரில், அதாவது குருத்வாராவின் பொதுச் சமையற்கூடத்தில், பாத்திரம் கழுவப் போவதாகச் சொன்னான். மூத்தவன் லூதியானாவிலேயே இருக்கிறான், கேசத்தோடு. இருவரும் இதைப் பற்றி வீடியோ காலில் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். அண்ணன் சட்டம் பேசுவான், தம்பி கபீரைப் பேசுவான்.

போன வருடம் மூத்தவனுக்கு மகன் பிறந்தான். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது, குழந்தைக்கும் முடி வைப்பாய்தானே என்று கேட்டேன். "பாஜி, வைப்பேன். பெரியவனாகி வெட்டினால் அவன் இஷ்டம். ஆனால் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டட்டும். தாரு சிங்கையும் தெரியட்டும், டெல்லி மாமாவையும் தெரியட்டும்" என்றான். சித்தப்பா என்ன சொல்கிறார் என்றேன். கனடாவிலிருந்து குழந்தைக்கு முதல் பட்கா அனுப்பியிருக்கிறானாம். நீல நிறம். அளவு பெரிதாக இருக்கிறது, இரண்டு வருடம் கழித்துத்தான் கட்ட முடியும் என்றான்.